சந்தனம் வைத்த ஸ்கேட்ஸ்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக என் அம்மாவிடம். பள்ளியில் யாரும் படித்துவிடக் கூடாது என்றுதான் தமிழில் எழுதுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்பது ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

அண்ணா, இன்றைக்கு சரஸ்வதி பூஜை. எழுதவே கூடாத நாள். என் நோட்டு, பேனா எல்லாம் சாமி முன்னால் இருக்கின்றன. மளிகைக் கடைப் பையைக் கிழித்து, உன் ஹாக்கி ஸ்டிக்கில் நம்பர் எழுதும் கறுப்பு மார்க்கரால் எழுதிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் பூஜையின்போது ஒரு வாசனை வந்தது. சந்தனமும் ஈரத் தோலும் பழைய வியர்வையும் கலந்த வாசனை. உன் ஸ்கேட்ஸ். அம்மா இந்த வருஷமும் அவற்றைப் பூஜையில் வைத்திருக்கிறாள். பிளேடில் சந்தனம், அதன் மேல் குங்குமம், லேஸில் ஒரு சாமந்தி.

நீ போன பிறகும் உனக்குத்தான் பொட்டு.

எனக்குப் பொறாமையாக இருந்தது. இறந்துபோன அண்ணனைப் பார்த்துப் பொறாமைப்படும் தங்கை வேறு எங்காவது இருப்பாளா, தெரியவில்லை. ஆனால் இது இன்று வந்ததல்ல. நாம் நியூ ஜெர்சியில் இருந்தபோதே ஆரம்பித்துவிட்டது.

அங்கேதான் உன்னை முதலில் ஐஸ் ஹாக்கி ரிங்கில் சேர்த்தார்கள். முன்னால் போவதைவிடப் பின்னால் போவது உனக்கு நன்றாக வந்தது. அதனால் எதிராளியைத் தடுக்கும் டிஃபென்ஸில் போட்டார்கள். அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்டா, எல்லாப் பசங்களும் முன்னால போறாங்க. நீ மட்டும் எதுக்கு ரிவர்ஸ்லயே வர்ற?" நீ மூச்சு வாங்கியபடி சொன்னாய்: "வர்றவன் மூஞ்சியப் பாத்துட்டே இருக்கணும்ப்பா. முதுகக் காட்டினா அவ்ளோதான்." அப்பா அதை ஒவ்வொரு வீட்டு விருந்திலும் சொல்லிச் சிரித்தார். நான் சொன்ன எதையும் அவர் எங்கேயும் சொன்னதில்லை.

ஊர் மாறி மில்பிடாஸுக்கு வந்த பிறகு உனக்கு எதிராக ஓடிவர ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான். கராஜ் முன்னால், டென்னிஸ் பந்தைத் தட்டிக்கொண்டு நான் வருவேன்; நீ பின்னால் போய்க்கொண்டே தடுப்பாய். ஒரு நாள்கூட நான் உன்னைத் தாண்டியதில்லை. நான் அழுதால் அப்போதுதான் ரகசியத்தைச் சொல்வாய். "பாப்பா, பந்தப் பாக்காத. கையையும் பாக்காத. கை பொய் சொல்லும், கண்ணும் பொய் சொல்லும். நெஞ்சப் பாரு. நெஞ்சு எந்தப் பக்கம் போகுதோ, ஆளு அங்கதான் போவான்."

உன்னைப் பார்த்துப் பார்த்து என் கால்களும் பின்னால் போகக் கற்றுக்கொண்டன. யாரும் கவனிக்கவில்லை. எனக்கும் ஸ்கேட்ஸ் வேண்டும் என்று கேட்டபோது அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உனக்கெதுக்கு அம்மிணி அந்த இடிச்சலெல்லாம்? அண்ணனுக்குப் பந்து போடு, அது போதும்."

பிறகு அந்த சரஸ்வதி பூஜை. ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் காலை பெரிய அணியின் தேர்வு ஆட்டம். அது தெரியாமல் அம்மா உன் ஸ்கேட்ஸைப் பூஜையில் வைத்துவிட்டாள். விஜயதசமி காலையில் மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. அம்மா அதை எப்போதும் நிதானமாக, வடை பாயசத்தோடு செய்கிறவள். "அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்மா," என்று நீ வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாய். அப்பா கத்தினார். அம்மா வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நாளைக்கு எத்தன மணிக்கு, சாமி?"

மறுநாள் விடிவதற்கு முன்பே அவள் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, மறுபூஜையை முடித்துவிட்டாள். குங்குமத்தைத் துடைக்காமலே நீ ஐஸில் இறங்கினாய். தேர்வானாய்.

அடுத்த வருஷம் எனக்குக் கணக்குப் பரீட்சை வந்தது. புத்தகத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ஒரு நாள் படிக்கலீன்னா ஒண்ணும் ஆயிடாது," என்றாள் அதே அம்மா.

அதற்குப் பிறகு உன் பாதை வீட்டை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தது. பதினாறு வயதில் மினசோட்டாவில் ஜூனியர் அணி. அங்கே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் உன்னைத் தங்கவைத்துச் சோறு போட்டது. அந்த ஆன்ட்டிக்கு அம்மா போனில் ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு டெக்சாஸில் சின்ன லீக், முதல் சம்பளம். ராத்திரியெல்லாம் பஸ், காலையில் பிராக்டிஸ், உடைந்த விரலோடு ஆட்டம். கோல் போடுகிறவர்கள் மேலே போவார்கள். டிஃபென்ஸ்காரன் காத்திருக்க வேண்டும் என்றாய். உன் தோள் அகலமாகிக்கொண்டே போனது. பக், அந்த ரப்பர் வட்டு, வரும் வழியில் காலை வைத்து வைத்து முழங்கால் நீலமாகவே இருந்தது. அந்த நீலத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

நாங்கள் அங்கே வந்து பார்த்த ஆட்டத்துக்கு பக்கத்து ஊரான ஆலனிலிருந்து அப்பாவின் நண்பரும் வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் உன் முதுகில் தட்டி, "என்ன தம்பி, ஒரு கோல்கூடப் போடலியே?" என்றார். "விழாம பாத்துக்கறதுதான் அங்கிள் என் வேலை," என்று சிரித்தாய். "ஓ, வாட்ச்மேன் உத்தியோகமா?" என்றார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஆனால் வண்டியில் ஏறும்போது நீ என் காதில், "நீ நல்லா பின்னால போவ பாப்பா. எனக்குத் தெரியும்," என்றாய். அதை ஏன் எல்லோருக்கும் முன்னால் சொல்லவில்லை?

போன வருஷ ஆரம்பத்தில் மேல் லீக்கிலிருந்து கூப்பிட்டார்கள். போனில் நீ கத்திய கத்தலில் அப்பா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். மறுநாள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினாய். அந்த ஊரில் எப்போதாவதுதான் ஃப்ரீவேயில் ஐஸ் கட்டும். அன்று கட்டியிருந்தது.

"இனிமே இந்த வீட்டுல ஐஸுங்கற பேச்சே இருக்கக் கூடாது," என்றாள் அம்மா. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் ட்ரேயைக்கூட எடுத்து எறிந்துவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ஜூஸ் வெதுவெதுப்பாகவே கிடைத்தது.

ஆனால் நான் ரிங்குக்குப் போகிறேன், அண்ணா. லைப்ரரி என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில். ஒரு ஜோடி பழைய ஸ்கேட்ஸ் வாங்கி அங்கே லாக்கரில் வைத்திருந்தேன். பெண்கள் அணியின் கோச் என்னைப் பார்த்து, பின்னால் போக யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். உன் தங்கையாக இல்லாத ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது. போன வாரம் அவர் என் குடும்பப் பெயரைப் படித்துவிட்டு, "அவனோட தங்கையா நீ?" என்று கண் கலங்கினார். அங்கேயும் நீ வந்துவிட்டாய்.

நாளைக் காலை எட்டு மணிக்குத் தேர்வு ஆட்டம். அதற்காக ஸ்கேட்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பேசாமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தால் காலையில் நழுவியிருக்கலாம். ஆனால் எல்லோரும் படுத்த பிறகு சாமி அறைக்குப் போனேன். உன்னுடையதைப் பார்த்தேன். பொறுக்கவில்லை. என்னுடையதை அதன் பக்கத்தில் வைத்து, உன் பிளேடிலிருந்த சந்தனத்தையே தொட்டு வைத்தேன், குங்குமமும் வைத்தேன். ஒரு தடவையாவது.

இப்போது எடுக்க முடியவில்லை. இரண்டு தடவை போய் நின்றேன். கை போகவில்லை. மறுபூஜை ஆகாமல் எடுப்பது எனக்கும் முடியாது போலிருக்கிறது. நானும் அவள் பெண்தானே. அம்மா எழுந்தால் பார்த்துவிடுவாள். தூக்கி எறிவாளோ, அழுவாளோ.

உன் கையுறை, உன் ஜாக்கெட், உன் நம்பர் எல்லாவற்றையும் அம்மா வைத்துக்கொள்ளட்டும். எனக்கு கராஜ் முன்னால் நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை போதும். அதை நீ வேறு யாருக்கும் சொல்லவில்லை. நாளைக்கு ஐஸில் நின்றால், எதிரே வருகிறவளின் கையைப் பார்க்க மாட்டேன், கண்ணைப் பார்க்க மாட்டேன்.

நடையில் காலடிச் சத்தம். சாமி அறை லைட்டைப் போட்டுவிட்டார்கள். இன்னும் அணைக்கவில்லை.

கதவைத் தட்டுகிறாள். அம்மாதான்.

"பாப்பா. தூங்கலீன்னு தெரியும். நாளைக்கு எத்தன மணிக்கு?"

அண்ணா, குரலை வைத்து ஒன்றும் தெரியவில்லை. திறக்கத்தான் வேண்டும். முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைப் பார்க்க மாட்டேன், நெஞ்சை