செவலை இங்கேதான் இருக்கும்

நான் மண்ணெண்ணெயில் கை கழுவி நாற்பது நாளாகிறது. இன்று மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தியதும் பிரஸ்ஸில் எல்லோரும் வழக்கம்போல மண்ணெண்ணெய் டப்பாவைச் சுற்றி நின்று கை மையைக் கழுவினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நான் மட்டும் தள்ளி நின்று தேங்காயெண்ணெயைத் தேய்த்து, துணி சோப்பு போட்டு, நகக்கண்ணை எலுமிச்சந்தோலால் சுரண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷின்காரன் சும்மா இருப்பானா. "என்னண்ணே, மறுபடியும் பொண்ணு பாக்கப் போறீகளா?" என்றான். நான் முறைத்த முறைப்பில் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவனுக்கு விளக்கம் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து. உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் உன் செவலைக்காக.

விஸ்வநத்தத்தில் நீ வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வாசலில் கிடந்த குட்டி. நீதான் முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாய். "இதுக்கு யார் சோறு போடுறது" என்று நான் கத்தினேன். நீ கிண்ணத்தில் பால் ஊற்றினாய். அன்றிலிருந்து அது உன் நாய்.

ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் கொல்லையில் துவைகல்லின்மேல் உட்காருவாய். செவலை தானாக வந்து உன் மடியில் தலையை வைக்கும். நம் மகள் செல்வி புருவம் திருத்த வாங்கிய சின்ன இடுக்கி உன் கையில் இருக்கும். காது மடலுக்குள், கழுத்தடியில், கால்விரல் சந்தில் என்று முடியை விலக்கி விலக்கிப் பார்ப்பாய். உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று பிடுங்காமல், ஒரே சீராக மேலே தூக்குவாய். வாயோடு வந்துவிடும். மெஷினுக்கு ஊற்றும் ஸ்பிரிட்டில் கொஞ்சம் என்னிடம் கேட்டு வாங்கி ஊறுகாய்ப் பாட்டிலில் வைத்திருந்தாய். எடுத்ததை அதில் போட்டு மூடிவிட்டு அடுத்ததைத் தேடுவாய். நான் பேப்பர் படித்தபடி, ஊரில் வேறு வேலையே இல்லையா என்று நக்கல் செய்வேன். தரையில் ஓடுவதைப் பார்த்தால் செருப்பால் ஒரே தேய்ப்பு. அப்போதெல்லாம் உனக்குக் கோபம் வரும். "நசுக்காதீகன்னு எத்தனை தடவை சொல்றது. அம்புட்டு ரத்தமும் தரையில. புள்ளைக நடமாடுற இடம்" என்பாய். உடனே கையில் டெட்டால் துணி வந்துவிடும்.

உன் நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் தாள் ஓட்டுகிறவன் நான். எட்டு உண்ணிக்கு ஒரு மத்தியானமா? கேட்டால், "எங்க கம்பெனில அவசரக்காரவுகளுக்கு வேலை கிடையாது" என்று சிரிப்பாய்.

அந்தத் தீபாவளி சீசனை மறக்க முடியுமா. கம்பெனியில் லோடு ஏற்றுகிற அவசரம், உனக்கு இரண்டு ஞாயிறும் வேலை. செவலையின் காதில் உண்ணி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. நீ வருவதற்குள் முடித்துவைத்து உன்னிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன். ரோலரில் மை காய்ந்தால் என்ன செய்வோம்? பனியன் வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அழுத்தித் துடைப்போம். அதையேதான் செய்தேன். கட்டிப்போட்டு, கழுத்திலிருந்து வால் வரைக்கும், ஒரு இடம் விடாமல் துடைத்தேன். அது கத்தியது. குளிக்கிறதுக்குக் கத்துகிற மாதிரி கத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். நீ வேலை முடிந்து வந்தபோது தோல் செக்கச் செவேலென்று வெந்திருந்தது. உடம்பை நக்கி நக்கி வாந்தி எடுத்துக் கிடந்தது.

நீ பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்ன செஞ்சு வச்சிருக்கீக? உங்க மெஷின் ரோலரா அது? உசுரு" என்றாய். அதற்குப் பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. செவலை மூன்று வருஷம் என் பக்கத்தில் வரவில்லை. உன் சாவுக்கு வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்து அழுதார்கள். அது மட்டும் தண்ணீர்த் தொட்டி மறைவில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீ போய்ப் பத்து மாதமாக வேளாவேளைக்குச் சோறு வைத்தேன். நான் உள்ளே போனபிறகுதான் வந்து தின்னும். உடம்பில் உண்ணி பெருகியது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். வழக்கம்போல ஆடிப் பெருக்கன்று பிரஸ்ஸில் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டு அலுத்துக் கிடந்த மறுநாள், அருப்புக்கோட்டையிலிருந்து சம்பந்தியம்மா வந்தார்கள். செல்விக்கு ஆவணியில் வளைகாப்பு, முடிந்த கையோடு பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சின் நடுவில் அவர்கள் கண் சுவரில் நின்றது. நான் அச்சடித்த காலண்டர் ஒன்றின் அடியிலிருந்து இரண்டு உண்ணி வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பச்சைப் பிள்ளை வரப்போகிற வீடு, ஒன்று நாய் போக வேண்டும் அல்லது பெண் எங்களோடு இருக்கட்டும் என்றார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். சாயந்தரம் செல்வியும் போனில் அழுதாள். வெம்பக்கோட்டைப் பக்கம் யாராவது தோட்டத்தில் விட்டுவிடலாமே அப்பா, அங்கே காவலுக்கு ஆகுமே என்றாள். உண்ணி மொய்த்த நாயை எந்தத் தோட்டக்காரன் வைத்துக்கொள்வான்? கம்மாய்க் கரையில் கிடந்து சாகும். உனக்கு நான் செய்யாமல் விட்டது ஏராளம். உன் நாயையும் துரத்திவிட்டு இந்த வீட்டில் என்னால் சோறு தின்ன முடியாது.

"செவலை இங்கேதான் இருக்கும், தாயி. உண்ணிதான் இருக்காது. நீயும் இங்கதான் வருவ" என்று சொல்லி போனை வைத்தேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கிட்டே போனால்தானே? மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா நாயைப் பார்க்காமல் மருந்து தர மாட்டேன், பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். பிடிக்கப் போனால் சுவரேறிக் குதித்தது. இரண்டாம் நாள்தான் கவனித்தேன், என் கையை நீட்டும்போதுதான் அது மிரள்கிறது, கையில் அந்தப் பழைய வாடை. அன்றோடு விட்டேன் மண்ணெண்ணெயை. தினமும் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு துவைகல்லில் போய் உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை, தின்ன எதுவும் காட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினோராம் நாள் வந்து விரலை மோந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்கு இரண்டு நாள் கழித்து, கொஞ்ச தூரத்தில் படுத்தது. அடுத்த நாள் தலையை முழங்காலில் வைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இடுக்கியை எடுத்து முதல் உண்ணியைத் திருகி இழுத்துத் தொலைத்தேன். உடம்பு மட்டும் வந்தது, வாய் உள்ளேயே தங்கிவிட்டது. வீலென்று கத்திக்கொண்டு ஓடியது. மறுபடியும் மூன்று நாள் சும்மா உட்கார்ந்தேன். என்னை நானே திட்டிய திட்டை நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

நான்காம் நாள் வந்தது. உன் கை எப்படிப் போகும் என்று நினைவுபடுத்திக்கொண்டேன். தோலை ஒட்டிப் பிடித்து, மூச்சை அடக்கி, சீராக மேலே. வந்தது, முழுசாக. அன்று ஐந்து. மறுநாள் பன்னிரண்டு. அந்த வாரமே உன் பழைய சேலையைக் கிழித்துக் கழுத்தில் கட்டி ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஊசி போட்டார். கண்ணில் படுவதைத் தினமும் கையால் எடுங்கள், ஆனால் பாதி உண்ணி வீட்டுச் சுவரில்தான் இருக்கும் என்றார்.

எனக்குத் தெரியும் எங்கே என்று. வருஷத்துக்கு ஒன்றாக நான் மாட்டிவைத்த சாம்பிள் காலண்டர்களின் பின்னால். எடுத்துவிடுங்கள் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய், என் கைவேலை என்று வீம்பு பிடித்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பின்னால் முட்டையும் குஞ்சுமாக அப்பியிருந்தது. அத்தனையையும் கொல்லையில் தகர டின்னில் போட்டுக் கொளுத்தினேன். ஆணி அடித்த ஓட்டை, வெடிப்பு எல்லாவற்றையும் சிமெண்ட் வைத்துப் பூசி, செவலையை வெளியே கட்டிவிட்டு, டாக்டரம்மா எழுதித் தந்த மருந்தைச் சுவரெங்கும் அடித்தேன். கடைசி இரண்டு வாரமாக ஒரு உண்ணி கண்ணில் படவில்லை. ஆனாலும் இடுக்கியோடு உட்காராத நாள் இல்லை.

நேற்று வளைகாப்பு முடிந்து செல்வி வந்துவிட்டாள். கூடவே வந்த சம்பந்தியம்மா செல்போன் வெளிச்சத்தில் கட்டிலுக்கு அடியெல்லாம் பார்த்தார்கள். செவலையின் காதைக்கூட என்னை விரித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். "அண்ணே, நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீக" என்று சொல்லிவிட்டுச் சாயந்தர பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் செல்வி நாற்காலியில் சாய்ந்து காலை ஸ்டூலில் நீட்டினாள். இரண்டு காலும் வீங்கியிருந்தது. கொலுசு அழுந்தி வட்டமாகத் தடம். உன் கால் அப்படியே. சிறுநீரகம் கெட்டுப்போன அந்தக் கோடையில் உனக்கு இப்படித்தான் வீங்கும். ஒரே ஒரு நாள், "லேசா அமுக்கி விடுறீகளா" என்று கேட்டாய். ஷிப்டுக்கு நேரமாச்சு என்று சொல்லி நான் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். நீ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

நான் தரையில் உட்கார்ந்து அவள் காலை எடுத்து மடியில் வைத்தேன். பதறிக் காலை இழுத்தாள். அப்பா, என்னப்பா இது, விடுங்கப்பா என்றாள். நான் விடவில்லை.

"உங்க அம்மா கேட்டா. நான் செய்யல. நீ கேக்க வேண்டாம், தினமும் அமுக்கி விடுவேன்" என்றேன்.

அவள் காலை இழுக்கவில்லை. விரலிலிருந்து தொடங்கி, கணுக்கால் வரை, அழுத்தாமல், நிதானமாக அமுக்கிவிட்டேன். இன்று காலையிலும் அமுக்கிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினேன். சீசன் நேரம், அரை மணி தாமதம், முதலாளி கத்தினார். கத்தட்டும். நாளைக்கும் அரை மணி தாமதமாகத்தான் போவேன்.