நன்றி சொல்ல வேண்டாம், மாமா

ஆம்பூர்
19 ஜனவரி 2025, ஞாயிறு, பகல் 11.40. இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மதிப்பிற்குரிய மாமா ஞானசீலன் அவர்களுக்கு,

ஜெஸ்டன் எழுதுவது. உங்களுக்கும் அத்தைக்கும் சமாதானம் உண்டாகட்டும் என்று தொடங்குவதுதான் முறை. இதைப் படித்த பிறகு அது உங்கள் வீட்டில் இருக்காது என்பதால் எழுதவில்லை.

நேற்று மாலை போன் செய்தீர்கள். "மாப்ள, நீங்க மட்டும் கூட இல்லேன்னா எங்க பொண்ண அந்த ஆறு அடிச்சிட்டுப் போயிருக்கும்" என்றீர்கள். வரும் 26ஆம் தேதி கலவை சபையில் எழுந்து சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கப்போவதாகச் சொன்னீர்கள். என்னையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னீர்கள். பின்னால் அத்தை அழுதுகொண்டே எனக்காக ஜெபம் பண்ணுவது கேட்டது. நான் "சரி மாமா" என்று வைத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் கடிதம்.

அக்சா படகுத்துறையில் வழுக்கி விழவில்லை. நான் விழவிட்டேன்.

கல்யாணமாகிச் சில வாரம்தான், பொங்கல் லீவில் நான்கு நாள் பாங்காக். விசா வேண்டாம், ஊரும் சுற்றிப் பார்க்கலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். முதல் நாள் நன்றாகவே போனது. தூண்களின் மேல் ஓடும் ரயிலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனோம். படுத்திருக்கும் பெரிய புத்தரைப் பார்த்தோம். தெருவோரத்தில் தேங்காய்ப்பால் சோற்றோடு மாம்பழம் தந்தார்கள். அக்சா இரண்டு தட்டு சாப்பிட்டு, "இத எப்சிக்கா பாத்தா பொறாமையில செத்துரும்" என்று தன் அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். பெரிய வகுப்பு வாத்தியாரம்மா சின்னப் பிள்ளைபோல நடந்துகொண்டாள்.

ஆனால் என் பக்கத்தில் நடக்கும்போது அவள் இடம் மாறிக்கொண்டே இருந்தாள். நான் அவளுக்கு வலப்பக்கம் வந்தால், சுற்றிக்கொண்டு வந்து என்னை இடப்பக்கம் ஆக்கிவிடுவாள். இரண்டாம் நாள் மதியத்துக்குள் பதினான்கு தடவை. எண்ணினேன். ஏன் என்று கேட்டேன். "வெயில் படுது" என்றாள். பதினான்கில் ஒன்பது தடவை வெயில் மறுபக்கம் இருந்தது. அதையும் பார்த்துத்தான் வைத்திருந்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும், ஷூ கம்பெனி லேபில் தோலைச் சோதிப்பது. கிழிவுச் சோதனை என்று ஒன்று உண்டு. தோலில் ஒரு துண்டு வெட்டி, மிஷினில் மாட்டி இரண்டு பக்கமும் இழுப்போம். எவ்வளவு இழுத்தால் கிழிகிறது என்பதுதான் விடை. கிழியாமல் விடை வராது. கிழிந்த துண்டைக் கூடையில் போட்டுவிட்டு ரிப்போர்ட் எழுதுவோம். ஆறு வருடமாக இதைச் செய்கிறேன். அக்சாவிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். நான் இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஓட்டலில் சாப்பிடும்போது, சுற்றிலும் தட்டுச் சத்தம், வலப்பக்கம் உட்கார்ந்து "உன் தட்டுல எறும்பு" என்றேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இடப்பக்கம் போய்ச் சொன்னேன், தட்டைத் தள்ளினாள். ஒரு காது இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது, மாமா. சோதனை அங்கே முடிந்தது. நான் நிறுத்தவில்லை. ரயிலில் கூட்டத்தில் அவள் வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "உங்கப்பன் ஒரு திருடன். ஓட்டை விழுந்த தோலுக்குப் பெயின்ட் அடிச்சு என் தலையில கட்டிட்டான்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள், முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதற்குப் பிறகு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். உங்களை, அத்தையை, அவளை. இங்கே எழுதக் கூடாத வார்த்தைகளும் உண்டு. சொல்லச் சொல்ல எனக்கு நன்றாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணி. அந்த ஊர் ஆற்றில் பஸ் போலப் படகு ஓடுகிறது. மிதக்கும் இரும்புத் துறையில் வந்து உரசும். பத்து விநாடிதான் நிற்கும், அதற்குள் இறங்கிவிட வேண்டும். நாங்கள் இறங்க வேண்டிய துறையில் கயிறு சரியாக மாட்டவில்லை. படகு துறையை விட்டு விலகியது. அக்சா முன்னால் நின்றாள், கீழே பார்க்காமல் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி. நான் அவளுக்கு வலப்பக்கம், ஒரு படி பின்னால். இடைவெளி அகலமாவது எனக்குத் தெரிந்தது. இன்ஜின் அலறுகிறது. "நில்லு" என்றேன். சாதாரணக் குரலில், வலப்பக்கத்திலிருந்து. கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். அவள் முழங்கைக்கும் என் கைக்கும் ஒரு சாண் தூரம். கையை நீட்டவில்லை. இரண்டு விநாடி இருக்கும்.

அவள் காலை வைத்தாள். அங்கே துறை இல்லை.

இடது மணிக்கட்டு இரும்பு விளிம்பில் அடித்தது. இடுப்புவரை தண்ணீர். படகு திரும்பி வந்து நசுக்குவதற்குள் படகுக்காரன் ஒருவன் படுத்து, தோளைப் பிடித்து மேலே தூக்கினான். நான் இல்லை. அவள் வழுக்கிவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருப்பாள், தூக்கியது நான் என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. சாட்சி சொல்வதானால் அவனுக்காகச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவளே வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். கட்டுப் போட்டு முடிந்ததும் என்னை இடப்பக்கம் வந்து உட்காரச் சொன்னாள். "ரயில் கண்ணாடியில உங்க வாயத்தான் பாத்துட்டு இருந்தேன். எங்கப்பாவத் திருடன்னு சொல்லிட்டுச் சிரிச்சீங்க. அப்பவே கேட்டிருப்பேன், கேட்டு இன்னா ஆவப்போவுதுன்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு, "படகுல நீங்க எவ்ளோ தூரத்துல நின்னீங்க?" என்று கேட்டாள். கை எட்டும் தூரத்தில் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "எங்கப்பாவுக்கு மட்டும் சொல்லாதீங்க, பிரஷர் மாத்திர சாப்பிடறாரு" என்றாள். ஊர் வந்து இறங்கியதும் விமான நிலையத்திலிருந்து நேராகப் பாகாயம், எப்சி அக்கா வீட்டுக்குத்தான் போவேன் என்று டிரைவரிடம் சொன்னாள். என்னிடம் அல்ல.

எப்சி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, ஒரு காது கேக்காத புள்ளைய ஆத்துல கூட்டிட்டுப் போறீங்க, கையப் புடிச்சிக்க மாட்டீங்களா?" என்றார். எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருக்கிறார். அவரிடம்தான் மீதியைக் கேட்டுக்கொண்டேன். ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து வலது காது போனது, "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று நீங்கள் சொல்லி வளர்த்தது, எல்லாம்.

உங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தலைமையாசிரியராக இருந்தவர். பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்பதை மறைத்த பெற்றோரை ஸ்கூல் கேட்டில் நிற்கவைத்துத் திட்டியதாக நீங்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். பெண் பார்க்க வந்த அன்று, "மாப்ள, இங்க உக்காருங்க, ஃபேன் காத்து வரும்" என்று என் நாற்காலியை அவளுக்கு இடப்பக்கம் தூக்கிப் போட்டது நீங்கள்தான். சர்ச்சில் மட்டும் உங்களால் இடம் மாற்ற முடியவில்லை. மணப்பெண் மாப்பிள்ளைக்கு இடப்பக்கம்தான் நிற்க வேண்டும். மைக் கரகரத்தது. நான் வாக்குறுதி சொல்லும்போது அவள் என் முகத்தை விட்டுக் கண் எடுக்கவே இல்லை. "இன்னாடா, பொண்ணு உன்ன முழுங்கிடும் போல" என்று தோஸ்துகள் கிண்டல் செய்தார்கள். நானும் அதை ஆசை என்றுதான் நினைத்தேன். பாவம், என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

முன்பே சொல்லியிருந்தால் கட்டியிருப்பேனா? தெரியாது. என் அம்மா வேண்டாம் என்றிருப்பார், அது நிச்சயம். நீங்கள் பயந்தது தப்பில்லை. ஆனால் நீங்கள் மறைத்ததால் அவள் கை உடையவில்லை. என்னால் உடைந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ரெண்டு பேர் மேலயும் தப்பு என்று யாராவது பஞ்சாயத்துக்கு வந்தால் உள்ளே விடாதீர்கள்.

அவள் சொல்லாதே என்றதை மீறித்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் வாயை மூடி மூடியதால்தான் நாம் இங்கே வந்து நிற்கிறோம். நானும் மூடிக்கொண்டு சபையில் உங்கள் பக்கத்தில் நின்று நல்லவன் பட்டம் வாங்க முடியாது. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். இதைப் படிக்கும்முன் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று மேலேயே எழுதியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அத்தையிடம் எனக்காக ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அக்சாவுக்காக ஜெபித்தால் போதும்.

இப்படிக்கு,
ஜெஸ்டன்

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புவேன். புதன்கிழமைக்குள் உங்கள் கையில் இருக்கும்.

2. இன்றே என் அப்பா அம்மாவிடம் சொல்வேன். படகுத்துறையை முதலில், காதைப் பிறகு. மாற்றிச் சொன்னால் அம்மா காதை மட்டும் பிடித்துக்கொள்வார்.

3. 26ஆம் தேதி கலவைக்கு வருவேன். எனக்கு நன்றி சொல்ல நீங்கள் எழுந்தால், நானும் எழுந்து நடந்ததைச் சொல்வேன். நீங்கள் எழாவிட்டால் கடைசிப் பெஞ்சில் இருந்துவிட்டுப் போய்விடுவேன்.

4. பாகாயம் பக்கம் போக மாட்டேன். அக்சா கேட்டால் அவள் சாமான்களைக் கட்டி அனுப்புவேன். கேட்காதவரை அலமாரியில் அவள் வைத்த எதையும் நகர்த்த மாட்டேன்.

5. "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி நீங்கள் அவளை ஆம்பூருக்குக் கூட்டி வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். அவளாக வந்தால் திறப்பேன்.