உடன்குடித் தொட்டி மேல் ஆன்டெனா

ஜூன் 3
ஹாம் ரேடியோ சங்கக் கூட்டம். உடன்குடித் தண்ணீர்த் தொட்டி மேல் இருக்கும் எங்கள் ரிப்பீட்டருக்குப் புது ஆன்டெனா வேண்டும். தூரத்துச் சின்ன ரேடியோவின் குரலை வாங்கி, அதே நொடியில் பலமாக அனுப்பும் பெட்டி அது. வாங்குவதும் அனுப்புவதும் ஒரே ஆன்டெனாவில். உள்ளே ஒரு இணைப்பு ஆடினாலும் கரகரப்புதான். அதனால் கனத்த கமர்ஷியல் ரகம் வாங்கலாம் என்றேன். தலைவர் பொன்னுதுரை அண்ணாச்சி சிரித்தார். "ஏளா ஜெப்ஸி, நாம பொழுதுபோக்குக்குப் பேசுதோம். நமக்கு என்னத்துக்குக் கமர்ஷியல்?" எல்லாக் கையும் உயர்ந்தது. மூன்று துண்டாகத் திருகி மாட்டும் அமெச்சூர் ஃபைபர் குழாய்தான் வாங்கப்போகிறார்கள். எடை குறைவாம்.

ஜூன் 14
மாட்டியாயிற்று. ஜெபம், கேக், குரூப் போட்டோ.

ஜூன் 29
மேற்கிலிருந்து கச்சான் காற்று ஏறிவிட்டது. குழாய் ஆட ஆட, கடலை வறுக்கிற சத்தம். எங்கள் சங்கத்து மீனவன், பெரியதாழை மரியான், கடலிலிருந்து வாக்கிடாக்கியில் கூப்பிடுகிறான். செல்போன் எடுக்காத தூரத்தில் அவனுக்குக் கரையோடு இருப்பது இந்த ஒரு தொடர்புதான். பாதிதான் கேட்கிறது. அண்ணாச்சி அவனையே அதட்டுகிறார். "ஏலே, மைக்க வாய்கிட்ட வச்சுப் பேசுல!" ஆடுவது உடன்குடியில் குழாய், குற்றம் பெரியதாழையில் வாய். என்ன ஞானம்!

ஜூலை 11
மூடிப்போன டாக்சி கம்பெனி ஒன்றின் பழைய கமர்ஷியல் ஆன்டெனா கிடைத்தது. நீளக் குழாயில் நான்கு வளையம், எல்லாம் வெல்டிங். எங்கள் அலைவரிசைக்கும் ஒத்துவந்தது. என் பழைய மாணவன் செந்தூர்வேல் தொட்டி மேல் ஏறி மாட்டினான். நான்கு வளையத்தையும் தூத்துக்குடிப் பக்கமே திருப்பச் சொன்னேன். திசைக்கு ஒன்றாக வைப்பதுதான் முறை; இல்லாவிட்டால் மற்ற திசைகளில் கேட்பது குறையும். தெரியும். ஆனால் தூத்துக்குடியில் அண்ணாச்சி வீட்டுச் சிக்னல் மீட்டரில் முள் கடைசிவரை ஏறி ஒடிய வேண்டும்.

ஜூலை 12
ஒடிந்தது! "பக்கத்து வீட்ல இருந்து பேசுத மாதிரில்லா இருக்கு!" என்றார். இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

ஜூலை 17
மரியான் குரலே இல்லை. திட்டு வாங்கிய கோபம் போல. ரோஷக்காரன்.

ஜூலை 20
மரியான் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டான். கோபமா என்று கேட்டேன்.

"கோபமா? முந்தாநாள் நடுக்கடல்ல இஞ்சின் நின்னுபோச்சுக்கா. மூணு மணி நேரம் கூப்பிட்டேன். நீங்கள்லாம் பேசிச் சிரிக்கது எனக்கு நல்லா கேக்குது. நான் பேசுனது ஒருத்தருக்கும் கேக்கல. வேற படகுக்காரங்கதான் கட்டி இழுத்துட்டு வந்தாங்க."

டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். பாலை வைத்தேன், பற்றவைக்கவில்லை. தெரிந்தே செய்தேனே— யாருக்காக? ஒரு முள்ளுக்காக. பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேனாம் நான். சீ. பெட்டியின் பலத்தில் எங்கள் குரல் அவன்வரை போயிருக்கிறது; அவன் சின்ன ரேடியோதான் திரும்பி எட்டவில்லை. கரகரத்த குழாயிலாவது அவன் பேச்சு பாதி கேட்டது. வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 21
செந்தூர்வேலை மறுபடி ஏற்றினேன். திசைக்கு ஒரு வளையம். "இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்லா டீச்சர்?" என்றான். வெயிலைப் பற்றிப் பேசினேன்.

ஜூலை 24
காலையில் கடலிலிருந்து மரியான். காற்று பலம், வலை இழுக்கிறார்களாம். ஒரு சொல் தப்பவில்லை. நடுவில் அண்ணாச்சி நுழைந்தார். "ஏளா ஜெப்ஸி, எனக்குச் சிக்னல் குறைஞ்சிருக்கே. ஆன்டெனால என்ன கோளாறு?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொத்தானை அமுக்கினேன். "ஆன்டெனால ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கோளாறு எங்கிட்ட. நாலையும் உங்க வீட்டப் பாக்க வச்சிருந்தேன். மரியான் கூப்பிட்டது அதான் கேக்கல."

முதலில் பதிலுக்கு வந்தது மரியான்தான்.

"நல்லா கேட்டுச்சு, அக்கா."