ஏழு ஐந்துக்கு அழிந்தது

பிரிக்ஃபீல்ட்ஸ்
12.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் அமுதவள்ளி எழுதுவது. போனில் கத்திச் சொன்னாலும் உங்கள் காதுக்குப் பாதிதான் எட்டும். இதை நீங்கள் முழுசாகக் கேட்க வேண்டும். எதிர் வீட்டு மாரியாயி அக்கா மெதுவாகப் படித்துக் காட்டட்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில், மோட்டார் சைக்கிளில் வந்தவன் என் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்குக் காயம் ஒன்றுமில்லை. ஆனால் அது காப்பகத்து வேலைப் போன். புருஷன்மாரிடம் அடிவாங்கி ஓடிவந்த நாற்பத்தொரு பெண்கள் எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், எல்லாம் அதில்தான் இருந்தது.

கடைக்குள் ஓடி, கல்லாவில் இருந்த அக்காவின் போனை வாங்கி, இணையம் வழியாக என் போனை அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டேன். இங்கிருந்தே அழிக்கலாம், மாமா. கையில் இருக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் பேசி அனுப்பிய பதினொரு குரல் பதிவுகளும் அதில்தான் இருந்தன. அந்தப் போனில் உள்ள எதையும் வெளியே படியெடுத்து வைக்கக்கூடாது என்பது காப்பகத்து விதி. நானும் எடுத்து வைக்கவில்லை. உங்கள் மகனின் குரலை நானே அழித்துவிட்டேன். திட்டுவதானால் திட்டுங்கள்.

பணிவுடன்,
அமுதவள்ளி

•

கிள்ளான்
17.3.2025

என் மருமகள் அமுதாவுக்கு,

மாமா ரெங்கசாமி சொல்ல, மாரியாயி எழுதுகிறாள். உன் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னேன். மூன்றாவது முறை அவள் மடியில் கிடந்த தையலை ஓரம் வைத்துவிட்டு அழுதாள். "உங்க மருமக மாதிரி ஒருத்தி என் தங்கச்சிக்கு அப்ப கிடைக்கலையே மாமா" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன். சொல்லி முடிக்கும்வரை எழுதுவதை நிறுத்தக்கூடாது என்று மாரியாயியிடம் சொல்லியிருக்கிறேன்.

அதே திங்கட்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. தமிழ்ப் பையன். ஸ்பீக்கரில் போட்டுக் காதோடு வைத்துக்கொண்டேன். "அங்கிள், உங்க மருமக போன் ரோட்ல கிடந்துச்சு லா. திருப்பிக் கொடுக்கத்தான் கூப்பிடறேன். லாக் நம்பர் சொன்னீங்கன்னா திறந்து அட்ரஸ் பார்த்து நானே கொண்டாந்து தரேன்" என்றான்.

எனக்கு எழுத்துதான் தெரியாது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கண்டெய்னர் நம்பரைப் பார்த்துப் பார்த்து, ஒரு தடவை பார்த்த நம்பர் எனக்கு மறக்காது. ஆஸ்பத்திரியில் என் பையன் கமலநாதன் கட்டிலுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்து அந்த ஆறு நம்பரை எத்தனை தரம் அழுத்தினாய்? பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண்ணில் பட்டது.

சொல்லிவிட்டேன் அமுதா. ஆறையும் வரிசையாகச் சொன்னேன். அவன் "தேங்க்ஸ் அங்கிள்" என்றான். போன் வந்துவிடும், அதில் பையன் குரலும் இருக்கும் என்று இரண்டு நாள் கேட்டைத் திறந்தே வைத்திருந்தேன். உன் கடிதம் வந்தபிறகுதான் நான் யாரைக் காட்டிக்கொடுத்தேன் என்று தெரிந்தது.

அந்தப் பெண்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? உடனே எழுது. சோறு இறங்கவில்லை.

மாமா ரெங்கசாமி

•

பிரிக்ஃபீல்ட்ஸ்
20.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் சாப்பிடுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் நேரம் சொல்லவில்லை. நேற்று மாரியாயி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு அந்தப் போன் வந்ததாம், அக்கா தன் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கஞ்சியை உங்களுக்குக் கொண்டுவந்த நேரமாம். அப்படியென்றால் ஏழரை. என் போன் அழிந்துவிட்டது என்று தகவல் வந்தது ஏழு ஐந்துக்கு. நீங்கள் நம்பர் சொன்னபோது அந்தப் போன் வெறும் கூடு. அவசரத்துக்கு என்று பூட்டிய திரையிலேயே 'மாமனார்' என்று உங்கள் நம்பரைப் போட்டு வைத்திருந்தேன், அதை முதலிலேயே குறித்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் உங்களிடம் மறைக்க மாட்டேன். நான் உத்தரவு போட்டது நாலு இருபதுக்கு. அவன் போனை அணைத்து வைத்திருந்தான். அணைந்த போனுக்கு உத்தரவு போய்ச் சேராது, காத்துக்கொண்டு நிற்கும். அவன் திரும்ப ஆன் செய்து லைன் கிடைத்ததும்தான் அழிந்தது. நடுவில் அத்தனை நேரமும் அந்தப் பெண்களுக்குக் காவல் அந்த ஆறு நம்பர் மட்டும்தான். அதனால் இரண்டு குடும்பங்களை அன்றே வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டோம்.

எங்கள் தலைவி வசுந்தரா அம்மா போன வாரம் என்னைக் கேட்டார்: "உன் லாக் நம்பர் வெளியாள் யாருக்காவது தெரியுமா?" தெரியாது என்றேன். அன்று அது எனக்கு உண்மை. இன்று இல்லை. நம்பர் வெளியே போனால் வேலை போய்விடும், மாமா. உங்கள் பெயரை நான் எடுக்க மாட்டேன். இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

அமுதவள்ளி

•

கிள்ளான்
24.3.2025

அமுதா,

சாப்பிட்டேன். மாரியாயி மீன் குழம்பு கொண்டுவந்தாள்.

துறைமுகத்தில் கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கிரேன் சங்கிலி அறுந்தபோது பத்துப் பேர் கத்திக்கொண்டு நின்றோம், ஒருத்தன் மட்டும் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான். தியாகராசா என்று பெயர். அவனுக்கு அப்புறம் உன்னைத்தான் பார்க்கிறேன். கடைக்குள் ஓடும்போது போனுக்குள் யார் குரல் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் அழுத்தினாய். அதே போனுக்காக நான் ஆறு நம்பரை அள்ளிக் கொடுத்தேன். நீ அழித்ததால் எனக்கு மகன் போகவில்லை. நான் சொன்னதில் யாரோ ஒருத்தி போயிருப்பாள்.

நான் சொல்வதற்கு இருபத்தைந்து நிமிஷம் முன்னாலேயே அழிந்துவிட்டது என்கிறாய். அவன் ஆறரைக்குக் கூப்பிட்டிருந்தாலும் நான் சொல்லித்தான் இருப்பேன்.

அதனால் நம் இரண்டு பேரோடு இருக்கட்டும் என்ற பேச்சு வேண்டாம். இத்தனை நேர்மையாக வேலை செய்தவள் எனக்காகப் பொய்யைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா முன்னால் நிற்பதா? வெள்ளிக்கிழமை காலை கொமூட்டர் ரயிலில் வருகிறேன். உங்கள் ஆபீசுக்கே வந்து, நம்பர் என் கண்ணில் பட்டதையும், வாயால் போனதையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா பேசுவதைக் காதில் வாங்க மாரியாயியும் கூட வருகிறாள்.

வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போகாது என்று சொல்லவும் தெரியாது. ஆனால் அவர்கள் எழுதி வைக்கும் காகிதத்தில் யார் அழித்தது என்ற இடத்தில் உன் பெயர் இருக்கட்டும். யார் சொன்னது என்ற இடத்தில் என் பெயரை எழுதட்டும்.

பத்து மணிக்கு வந்துவிடுவேன்.

ரெங்கசாமி