பாதையில் பனி

சேசு மரி சூசை துணை

உட்துறைமுக வீதி,
திருக்கோணமலை.
17.11.81

அன்பு மகன் நிக்கலஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம். நீயும் அங்கே சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உன் சுகத்தை உன்னிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று போன சனிக்கிழமை தெரிந்துகொண்டபடியால் அந்த வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். காரணம் கீழே வருகிறது, கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் தப்பலாம் என்று நினையாதே.

இங்கே மழை பிடித்துவிட்டது. குசினிக் கூரை போன வருடம் ஒழுகின அதே இடத்தில் ஒழுகுகிறது, அப்பா போன வருடம் சொன்ன அதே சொல்லைச் சொல்கிறார், வெயில் வரட்டும் பார்ப்போம் என்று. மார்கழி பிறக்கவில்லை, அதற்குள் காலையில் பனி விழுகுதென்று தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு துறைமுக ஸ்ரோர்ஸுக்கு வேலைக்குப் போகிறார். அந்த மனிதர்தான் உன் கடிதத்தை ஸ்ரோர்ஸ் முழுக்கக் காட்டி, என்ட மகன் நோர்வேயில, உலகத்தின்ட உச்சியில மீன் வெட்டுறான், பனியெல்லாம் அவனுக்குத் தூசு என்று பீற்றிக்கொண்டு திரிகிறார். எல்சி மாமி உனக்கு ஓமம் வறுத்துத் துணியில் கட்டி அனுப்பவா என்று கேட்டாள். நானும் பெரிய கெட்டிக்காரி இல்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கலாசாலையில் படித்துப் புவியியல் ரீச்சரானவள், வடதுருவத்துத் துந்திரப் பிரதேசம் என்ற பாடத்தை வருடாவருடம் மணி அடிக்கக் கொஞ்சம் முன்னுக்குத் தொடங்கி அரைப் பக்கத்தில் முடித்துவிடுவேன். யார் பிள்ளைகளே அங்கே போகப் போகிறார்கள் என்று சிரிப்பேன். இப்போது அந்த அரைப் பக்கத்துக்குள் என் பிள்ளை இருக்கிறது. அங்கே பாசியும் மான்களும் தவிர அதிகம் ஒன்றும் இல்லை என்று புத்தகம் சொல்கிறது, எழுதினவருக்கு உன்னைத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்மஸ் வருகிறது, நத்தார்ப் பூசையைத் தவறவிட்டால் என் முகத்தில் முழிக்காதே என்று உனக்கு எழுதினவள் நான்தான், மறக்கவில்லை. அதற்கு நீ என்ன பதில் எழுதினாய்? அம்மா சொன்னபடியே செய்வேன், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டணத்தில் கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது, பாயிஸ் கார் வாங்கியிருக்கிறான், பாதையில் பனி கொஞ்சம் இருக்கும், முன்னால் ஒரு வண்டி வழிகாட்டிப் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று. வாசித்துவிட்டு நானும் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினேன். பாயிஸ் ஓட்டுகிறான் என்ற இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கிண்ணியாத் துறையில் சைக்கிளோடு ஆற்றுக்குள் இறங்கின உன் கூட்டாளி பாயிஸ்தானே? அவனுக்கு அந்த நாட்டில் லைசன்ஸ் கொடுத்தவரை நான் ஒருக்காப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை பாயிஸின் உம்மா றஹ்மா அக்கா கிண்ணியாவிலிருந்து வந்தா. பாயிஸ் குரல் பதிந்து அனுப்பின கசெற்றைக் கேட்க அவவிடம் மெசின் இல்லை, அதனால் எங்கள் வீட்டு றேடியோ கசெற்றில் போட்டோம். அவன் ஸலாம் சொல்லி, மாமிமார் எல்லாரையும் விசாரித்து, வட்டிலப்பத்துக்கு ஏங்கி, பிறகு இப்படிச் சொன்னான்: உம்மா, போன கிழமை நாங்க பாதையில பனிக்குள்ள மாட்டிட்டம், முன்னுக்குப் போனவன்ட லைற்றும் தெரியல்ல, விடியுமட்டும் அப்படியே இருந்தம், நிக்கலஸ்தான் இறங்கிப் பார்க்கப் போனவன், அவன்ட கால்ல... அந்த இடத்தில் பின்னாலிருந்து இன்னொரு குரல், டேய் பாயிஸ், அதைச் சொல்லாதை, அம்மாவும் கேப்பா, நிப்பாட்டடா மெசினை! டக்கென்று ஒரு சத்தம். திரும்பவும் பாயிஸ், ஒன்றும் நடக்காதது போல, உம்மா மழை எப்படி என்கிறான். அந்தக் குரல் யாருடையது என்று உனக்குத் தெரியும். பெற்றவளுக்கும் தெரியும்.

றஹ்மா அக்கா என்ன செய்தா தெரியுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அவவின் ஊரில் பாதை என்றால் தெரு இல்லையே, ஆளையும் மாட்டையும் லொறியையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற மிதப்புத்தானே பாதை. பனி என்றால் காலையில் ஆற்றை மூடுகிற புகார். புகார் கலையுமட்டும் பாதையை நடு ஆற்றில் நிறுத்திவிட்டால் சனம் வடை தின்றுகொண்டு ஊர்க்கதை பேசும். இஞ்ச பாதையில மாட்டினது காணாதெண்டு அங்கயும் போய் மாட்டியிரிக்கானுகள் தங்கச்சி என்று அவ சொல்ல, ஓம் அக்கா, அதுகள் எங்க போனாலும் அப்பிடித்தான் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். பிறசர் வருத்தக்காரி, அவவுக்கு நான் துந்திரப் பாடம் நடத்தவா? தேத்தண்ணி கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். வந்து கதிரையில் இருந்தவள்தான், விளக்குக் கொளுத்தவும் எழும்பவில்லை. எங்கள் தமிழையும் சொல்ல வேண்டும். புல்லில் நிற்கிற ஈரமும் பனி, காரோடு ஆளை மூடுகிறதும் பனி. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பேரும் வசதியாக ஒளித்துக்கொண்டீர்கள். பொய் சொல்லவில்லை என்று நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடமும் சாதிப்பாய்.

அவன்ட கால்ல. அதற்குப் பிறகு என்ன, நிக்கலஸ்? அந்த இடத்தை நான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டேன், நாடா தேய்ந்ததுதான் மிச்சம். அப்பாவைக் கேட்டால், முள்ளுக் குத்தியிருக்கும் என்கிறார். ஐஸுக்குள் முள் முளைக்கிறதாம். இன்றைக்கு அவர் படுத்த பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன், முன்னால் எழுதினால் பொடியனைப் பயப்படுத்தாதே என்று பேனையைப் பறிப்பார்.

ஆனபடியால் கேள். நத்தாருக்கு நீ மலை ஏறக் கூடாது. பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டுவிட்டேன். உயிருக்கு ஆபத்தென்றால் பூசைக்கடன் இல்லை பிள்ளை, அறையிலிருந்து செபமாலை சொன்னால் போதும் என்றார். பிறகு, போன மாதம் பிரசங்க நேரம் வெளியே நின்று சுருட்டுப் பிடித்த உம்முடைய புருஷனுக்கு இந்தச் சலுகை இல்லை என்றும் சொல்லிவிட்டார். நான் போட்ட கட்டளையை நானே எடுத்துவிட்டேன். முகத்தில் தாராளமாக முழிக்கலாம், முழிக்க நீ முழுசாக வந்தால் போதும். வேறு அவசியத்துக்குப் போக நேர்ந்தாலும், அந்தப் பனி தள்ளுகிற வண்டி முன்னால் போகிறதே என்று வீரம் காட்டாதே. அது இருட்டில் காணாமல் போகும் என்பதைத்தான் பாயிஸ் அழகாகப் பதிந்து அனுப்பியிருக்கிறானே. கார் புதைந்தால் இறங்காதே, ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு இருங்கள். சொல் கேளாமல் போனாயோ, நான் கிண்ணியாவுக்குப் போய் றஹ்மா அக்காவை இருத்தி பாதைக்கும் பனிக்கும் நோர்வேயில் என்ன அர்த்தம் என்று படம் கீறிக் காட்டுவேன். அதற்குப் பிறகு பாயிஸுக்கு வருகிற கசெற்றை நீங்கள் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. சின்ன வயதில் நத்தாருக்குச் சப்பாத்து எடுக்க உன் காலைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி, அந்தக் கடதாசியைக் கடைக்குக் கொண்டுபோவேன். நீ கூச்சத்தில் நெளிவாய், ஒரு விரல் எப்போதும் கோணலாக வரும். அதே மாதிரி பத்து விரலும் தெரிய இரண்டு காலையும் கீறி அடுத்த கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. பாயிஸின் காலைக் கீறி ஏமாற்றலாம் என்று நினையாதே, என் பிள்ளையின் கால் எனக்குத் தெரியும். சேசுவும் மாதாவும் உன்னைக் கைவிடாமல் காப்பார்களாக. கம்பளிச் சொக்ஸைக் காயவைத்துப் போடு.

உன்னை இப்போதைக்கு மன்னிக்காத,
அம்மா

ஒட்டுமுன் எழுதுவது: தபால் கந்தோருக்கு வெளிக்கிடுகிற நேரம் றஹ்மா அக்கா மழைக்குள் வந்து நிற்கிறா, கையில் பெரிய கம்பளி ஒன்று. அவவின் மாப்பிள்ளை மக்காவிலிருந்து கொண்டுவந்ததாம், இதுவரை மடிப்புக் கலைக்கவில்லை. பார்சல் போடுங்க தங்கச்சி, இன்னொருக்காக் கார் புதைஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்து போர்த்திக்கிடட்டும் என்றா. பாதை என்று சொல்லவில்லை, கார் என்றா, மகன். அவவுக்கு எல்லாம் விளங்கித்தான் இருந்திருக்கிறது, நான் பயந்துவிடுவேன் என்றுதான் அன்றைக்கு அந்தச் சிரிப்பு. நீங்கள் இரண்டு பேரும் நடிக்க எங்களிடம்தான் பழக வேண்டும். ஆகையால் மேலே எழுதின மிரட்டல் இனிச் செல்லாது, கேட்டுக்கொள்வது மட்டும்தான் மிச்சம். படியிறங்கும்போது அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, கால்ல எண்டானே தங்கச்சி, கால்ல என்ன எண்டு கேட்டா. கீறி அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறன் அக்கா, வந்த உடன காட்டுறன் என்றேன். கெதியாகக் கீறி அனுப்பு.