தொலைக்காட்சியில் மணத்த ஊர்

அன்பு மகள் ரன்வெய்க்குக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி தொடங்கி ஒத்துழைக்க மறுக்கிறது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வெயிலுக்கு வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. நம் தீவுப் பள்ளி மண்டபத்தில் நடந்த தேர்தல் விவாதத்தை இணையத்தில் பார்த்தாயாம், வேட்பாளர் தோர்கைர் காயப்போட்ட மீன் வாசனையைப் பற்றிப் பேசியதும் அழுதுவிட்டாயாம், பாதியிலே படம் நின்றுபோனதாம். நல்ல இடத்தில்தான் நின்றிருக்கிறது. இங்கே இருந்த வரைக்கும் அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தியவள் நீ, கடல் தாண்டியதும் அது அத்தராகிவிட்டதாக்கும். உன்னை மட்டும் சொல்லி என்ன, மீசை முளைத்ததும் ஓஸ்லோவுக்குக் கப்பல் ஏறிய தோர்கைருக்கும் சரியாகத் தேர்தல் மாசத்தில்தான் மூக்கு திறக்கிறது.

மிச்சத்தையும் கேள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து தோர்கைரின் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவள் எழுந்து, "நீங்க நிறுத்தின ஆம்புலன்ஸ் படகை எப்பப்பா திரும்ப விடுவீங்க?" என்று கேட்டாள். "அருமையான கேள்விம்மா, ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருக்கு, அதுவரைக்கும் ஹெலிகாப்டர் இருக்கே" என்றான். பனிப்புயலில் ஹெலிகாப்டர் வராது என்பது நம் ஊர் ஆடுகளுக்குக்கூடத் தெரியும். பேச்சை மாற்ற அவன் கண்ணில் பட்டவர் பக்கத்து வீட்டு ஆஸ்முண்ட் மாமா, அவனோடு கூடப் படித்தவராயிற்றே. கேமராவுக்கு வாகாகத் திரும்பி, "அதோ நம்ம ஆஸ்முண்ட்! டேய், சிக்னே எப்படிடா இருக்கா? அவ சுடுற வாஃபிள் இன்னும் நாக்குலயே நிக்குது" என்றான்.

மாமா மெதுவாக எழுந்தார். "சர்ச்சுக்குப் பின்னாடி இருக்காப்பா. பிப்ரவரியில நெஞ்சுவலி வந்துச்சு. புயல்ல ஹெலிகாப்டர் பாதி வழியில திரும்பிருச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தா. 'பயப்படாதீங்க, நம்ம தோர்கைர் ஓஸ்லோவுலதானே இருக்கான், ஏதாவது அனுப்புவான்'னு எனக்கு ஆறுதல் சொன்னா" என்றார். குரலில் கோபமே இல்லை, உட்கார்ந்துவிட்டார். நிகழ்ச்சி நடத்திய பெண் சட்டென்று மீன் வரிக்குத் தாவிவிட்டாள். அத்தை போன செய்தியைத்தான் உனக்கு ஃபோனில் சொன்னேன், இந்தக் கடைசிப் பேச்சு எங்களுக்கே அன்றுதான் தெரியும்.

மறுநாள் கடையில் வாக்காளப் பெருமக்களின் தீர்ப்பைக் கேட்டிருக்க வேண்டும். விவாதம் பிரமாதமாம், தோர்கைர் போட்டிருந்த ஸ்வெட்டர் அதைவிடப் பிரமாதமாம். "வந்த மனுஷனை டிவியில வச்சு இப்படியா சங்கடப்படுத்துறது?" என்று ரொட்டிக்கடைக்காரி உருகினாள். "ஆஸ்முண்ட் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கலாம்" என்றார் இன்னொருவர். சிக்னேயும் தேர்தல் தேதி பார்த்துச் செத்திருக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நாகரிகமான ஊர்.

அம்மா விஷயம் வேறு. விவாதம் முடிந்ததும் தோர்கைருக்குக் கொடுப்பதற்காகப் பாதாம் கேக் செய்து வைத்திருந்தாள். அதை அவன் கண் முன்னாலேயே மூடி எடுத்துக்கொண்டு நேரே மாமா வீட்டுக்கு நடந்தாள், நான் இந்த முழங்காலோடு பின்னால் ஓடினேன். மூன்று பேரும் தின்றுகொண்டிருந்தோம். திடீரென்று மாமா, "சிக்னேவுக்கு உன் பாதாம் கேக்கு பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா? இத்தனை வருஷமா என் தட்டுல தள்ளிவிட்டிருக்கா" என்றார். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, பிப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம். அழுகையும் கூடவே வந்தது, அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

குழந்தைக்கு எங்கள் முத்தம், எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். தபால் ஓட்டை இந்த வாரமே அனுப்பிவிடு, யாருக்கு என்று நான் சொல்லமாட்டேன், அம்மா வாய் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு ஒரு ஃபோன் போடு. மீன் வாசனையை விட்டுவிட்டுச் சிக்னே அத்தையைப் பற்றிக் கொஞ்சம் பேசு, இங்கே எல்லோரும் அவள் பெயரைச் சொல்லவே பயப்படுகிறார்கள்.

என்றும் உன் நினைவில்,
அப்பா ஐலிஃப்