டேங்கோவுக்கு முழங்காலிட்ட கோயில்

நேற்று நம் மாதா கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது. சாமியார் புதியவர், பூசையும் இப்போது லத்தீனில் இல்லை, தமிழில்தான். அந்த வாசம் மட்டும் மாறவில்லை. குழம்பை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே சற்று நேரம் நின்றேன். நீங்கள் கோயிலில் வாசித்த அன்றும் இப்படித்தான் சுவர் காயாமல், சாய்ந்தவர்கள் முதுகெல்லாம் வெள்ளையாக இருந்தது. உங்கள் கறுப்புக் கோட்டிலும் ஒட்டிக்கொண்டது. தட்டிவிட வந்த என்னிடம், “விடு, யாரு பாக்கப் போறா” என்றீர்கள். நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதானே அத்தனை பாடும் பட்டீர்கள்!

கல்யாணமான புதிதில் உங்கள் விரல்களைப் பார்த்துப் பயந்தேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தொடையின் மேல் பத்து விரலும் ஓடும். நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து வைத்தியரிடம் லேகியம் வாங்கி வந்தேன். நீங்களும் எதற்கென்று கேட்காமல் ஒரு மாதம் சாப்பிட்டீர்கள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அரண்மனை பேண்டில் நீங்கள், துருத்தி மாதிரி விரித்து மூடி வாசிக்கும் அக்கார்டியன் வாசிப்பவர் என்று ஊருக்கே தெரியும். எப்படி வாசிப்பீர்கள் என்று யாருக்கும் தெரியாது, கட்டிய எனக்கும்தான். வாத்தியம் அரண்மனைச் சொத்து, வாசலைத் தாண்டாது. விருந்துக்கு வந்த துரைமார் ஜோடி ஜோடியாக ஆடுவதற்கு வாசிப்பீர்கள். எங்களுக்கு அங்கே என்ன வேலை?

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் பேண்டு கலைந்தது. அவரவர் வாத்தியத்தை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நீங்கள் பஸ் கண்டக்டர் ஆனீர்கள். அக்கார்டியன் பரணில் ஏறியது. வாசியுங்களேன் என்று கேட்டால், தனியாக வாசித்தால் அது பாதிதான், நாலு பேரும் சேர வேண்டும் என்பீர்கள். வயலின் ராவுத்தர், ஆள் உயரப் பெரிய பிடிலை நின்றுகொண்டு வாசிக்கும் சின்னான், முக்கோணக் கம்பி தட்டும் கோனார், நீங்கள். நாலு பேரும் நாலு தெரு.

ஒருநாள் டூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்: “இத்தன வருசம் வாசிச்சிருக்கேன். ஆடுனாங்க, சாப்பிட்டாங்க, பேசுனாங்க. ஒருத்தரும் கேக்கல. நம்ம சனம் ஒரு தடவ ஒக்காந்து கேக்கணும். சிரிச்சாங்கன்னா மூடி வச்சிருவேன், பெறகு தொறக்க மாட்டேன்.” விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை நீங்கள்.

நாலு பேரும், அவர்கள் வீட்டாரும் ஒன்றாக உட்கார ஊரில் ஒரே இடம் நம் கோயில்தான். எத்தனையோ தலைமுறைக்கு முன் கட்டியது. வேறு சில ஊர்க் கோயில்களில் நடுவே கயிறு கட்டி இன்ன சாதி இந்தப் பக்கம் என்று பிரித்திருந்த காலத்திலும் இங்கே கயிறு கிடையாது. முதலில் வந்தவர் முன்னால் உட்காரலாம். சாமியாரிடம் கேட்கப் போனபோது நானும் கூட வந்தேன். ஆட்டப் பாட்டைக் கோயிலில் வாசிப்பதா என்று தயங்கினார். பிறகு, “இது சந்தோசப் பாட்டா, துக்கப் பாட்டா?” என்று கேட்டார்.

“ரெண்டுந்தான் சாமி. டேங்கோன்னு பேரு. கடல் தாண்டிப் பொழைக்கப் போன சனத்துக்கிட்ட பொறந்த பாட்டு.”

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆள் அனுப்பிய ஊரில் இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? திருவிழா வாரத்தில் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கிக் கொடுத்தார்.

கோயில் நிறைந்துவிட்டது. குன்றாண்டார்கோவிலில் இருந்துகூட வண்டி கட்டி வந்தார்கள். ராவுத்தர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். சின்னானின் ஆத்தா மட்டும் வாசற்படியிலேயே நின்றார். “நான் இங்கிட்டே நிக்கிறேன் தாயி” என்றவரைக் கைபிடித்து அழைத்துவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். நீங்கள் அக்கார்டியனை விரித்ததும் அது புஸ்ஸென்று மூச்சு விட்டது. இளவட்டங்கள் சிரித்தார்கள். முதல் பாட்டு முடியும்வரை அந்தச் சிரிப்பு அங்கங்கே கிளம்பிக்கொண்டே இருந்தது. உங்கள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். பஸ்ஸாக இருந்திருந்தால் விசில் ஊதி எல்லாரையும் இறக்கிவிட்டிருப்பீர்கள்.

இரண்டாவது பாட்டு. வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, நட்டநடுவில் நாலு பேரும் சட்டென்று நிறுத்தினீர்கள். கோனார் கம்பியை ஒரே ஒரு தட்டு தட்டினார். அந்தப் பாட்டே அப்படித்தானாம். நம் சனத்துக்கு அது எப்படித் தெரியும்? பூசையில் மணி ஒலித்து எல்லாம் அடங்கினால், ஆண்டவரே இறங்கியிருக்கும் அப்பமான நற்கருணையைச் சாமியார் உயர்த்துகிறார் என்று அர்த்தம். பழகிய முழங்கால்கள். கோயில் முழுவதும் ஒன்றாக மண்டியிட்டது. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நம் வேதக்காரர்களைப் பார்த்து மற்றவர்களும் மண்டியிட்டுக் கும்பிட்டார்கள். சிரித்த பையன்களும் தலை குனிந்தார்கள். ராவுத்தர் வில்லைத் தூக்கியபடி திகைத்து நின்றார். நீங்கள் சாமியாரைப் பார்த்தீர்கள். அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, மெதுவாகத் தாமும் முழங்காலிட்டார்.

அந்த நிசப்தத்தை நீங்கள் அவசரப்பட்டுக் கலைக்கவில்லை. பிறகு தொட்டிலை ஆட்டுகிற மாதிரி மெல்ல மறுபடி ஆரம்பித்தீர்கள். முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சின்னானின் ஆத்தா அழுதுகொண்டே கேட்டார். இப்படி ஒரு ஆளோடா இத்தனை நாளும் உப்புப் புளிக்குச் சண்டை போட்டோம் என்று எனக்கு ஒரே மலைப்பாக இருந்தது.

திரும்பி நடந்து வரும்போது சொன்னீர்கள்: “பாட்டு நிக்கிற அந்த எடத்துல இத்தன வருசமா கிளாசு மோதுற சத்தந்தான் கேட்டிருக்கேன். இன்னைக்குத்தான் ஒண்ணுமே கேக்கல.” கொஞ்சம் பொறுத்து, “தப்பா நெனச்சுத்தான் மண்டி போட்டாங்க. இருந்தா என்ன” என்று சிரித்தீர்கள். அக்கார்டியன் அதற்குப் பிறகு பரண் ஏறவில்லை. போன வருடம் நீங்கள் கடைசியாகப் படுக்கையில் விழும்வரை மாதம் ஒருமுறை நாலு பேரும் நம் வீட்டில் கூடினீர்கள்.

எனக்கு டேங்கோ இன்றைக்கும் புரியாது. ஆனால் உங்களால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் பாடினாலும், தன் கஷ்டத்தைச் சொன்னாலும், கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, உங்களிடம் சொல்லாமலே வைத்திருந்தது. வாசிப்பு தொடங்குமுன், நீங்கள் வெளியே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, சாமியார் நற்கருணையைப் பக்கத்து அறைக்கு எடுத்துப் போய்விட்டார். பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பீடத்தில் அப்போது ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். எல்லாரும் தப்பாக நினைத்து மண்டியிட்டார்கள். நான் தெரிந்தேதான் மண்டியிட்டேன்.